ஆழ்வார் பெயரில் ஒரு ராக் பேண்ட்… ‘கே’ ஆல்பம் கேட்டிருக்கிறீர்களா?

‘குலசேகரர் யார்?’ என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். தாத்தா பாட்டி யாராவது இருந்தால், “பன்னிரண்டு ஆழ்வார்ல ஒருத்தர்” என்று டக்கென்று பதில் வரும். இதே கேள்வியை 1996-ல் லண்டனில் ஒரு காலேஜ் பையனிடம் கேட்டிருந்தால், அவனும் பதில் சொல்லியிருப்பான். என்ன, அவன் வாயில் அது ‘குலா ஷேக்கர்’ ஆகியிருக்கும். ஆழ்வார் என்று சொல்லியிருக்க மாட்டான். “செம பேண்ட் பாஸ்!” என்றிருப்பான்.

இரண்டு பேர் சொல்வதும் ஒரே பெயர்தான். தமிழில் பாசுரம் பாடிய ஒரு சேர ராஜாவின் பெயரை, ஆயிரத்துச் சொச்சம் வருடங்கள் கழித்து நான்கு இங்கிலாந்து இளைஞர்கள் தங்கள் இசைக்குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய முதல் ஆல்பம் ‘கே’. 1996 செப்டம்பரில் வெளியாகி, பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் நேராக முதலிடத்தில் போய் உட்கார்ந்தது. இந்த வாரம் ஹெட்போனில் அதுதான் ஓடப்போகிறது.

திருவண்ணாமலையில் இருந்துகொண்டு இதை எழுதக் காரணம் இருக்கிறது. செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கம் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஒரு நடை நடந்தால், வேட்டியும் ருத்ராட்சமுமாக எத்தனை வெளிநாட்டுக்காரர்கள்! யாரோ ஒருவர் கிட்டார் வைத்துக்கொண்டு பஜனை பாடுவார். டீக்கடையில் நிற்கிற நம்மாட்கள் பாதிப் பேர் பெருமைப்படுவார்கள். மீதிப் பேர் சிரிப்பார்கள். “நம்ம சாமியை வச்சு இவங்க ஸ்டைல் காட்டுறாங்களா, நிஜமாவே நம்புறாங்களா?” என்பது எங்கள் ஊரின் நிரந்தரக் கேள்வி. அதற்கு விடை தேட ‘கே’ ஆல்பத்தைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ராஜாவாக இருந்தவர், படியாகக் கிடக்க ஆசைப்பட்டவர்

முதலில் ஒரிஜினல் குலசேகரர். 9-ம் நூற்றாண்டைச் சேர்ந்த சேர மன்னர் என்று பொதுவாகச் சொல்வார்கள். பிறந்த ஊர் இன்றைய கேரளத்தின் கொடுங்கல்லூர் பக்கத்திலுள்ள திருவஞ்சிக்களம். நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தில் இவருடைய பங்கு ‘பெருமாள் திருமொழி’, மொத்தம் 105 பாசுரங்கள். ராமனைக் குழந்தையாக்கித் தாலாட்டுப் பாடியவரும் இவரே.

இவரைப் பற்றிச் சொல்லப்படும் கதைகள் ஒவ்வொன்றும் சினிமா சீன் மாதிரி இருக்கும். ராமாயணச் சொற்பொழிவு கேட்டுக்கொண்டிருக்கிறார். ராமன் தனியாளாக அரக்கர் படையை எதிர்கொள்ளும் கட்டம் வருகிறது. உடனே எழுந்து, “நம் படை கிளம்பட்டும், ராமனுக்கு உதவப் போகிறோம்” என்று உத்தரவு போட்டுவிட்டாராம்! இன்னொரு கதை. அரண்மனை நகை ஒன்று காணாமல் போகிறது. ராஜா எந்நேரமும் அடியார்களோடே இருக்கிறாரே என்ற கடுப்பில், அமைச்சர்கள் பழியை அடியார்கள் மேல் போடுகிறார்கள். ‘அவர்கள் எடுத்திருக்க மாட்டார்கள்’ என்று சொல்லி, பாம்பு இருந்த குடத்துக்குள் கையை விட்டார் குலசேகரர். பாம்பு தீண்டவில்லை.

எனக்குப் பிடித்தது திருவேங்கடத்தைப் பற்றி அவர் பாடிய பகுதி. ராஜ்ஜியம் வேண்டாம், அந்த மலையில் ஒரு பறவையாக, மீனாக, மரமாக, ஓடையாகப் பிறந்தால் போதும் என்று ஆசைகள் ஒவ்வொன்றாக இறங்கி வருகின்றன. கடைசியில், அடியார்கள் மிதித்து ஏறும் படியாகக் கிடந்து பெருமாள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்கிறார். பெருமாள் கோயில்களில் கருவறைக்கு முன்னால் இருக்கும் படிக்கு ‘குலசேகரன் படி’ என்றே பெயர்.

ஆழ்வார்களும் எங்கள் ஊருக்குத் தூரத்துச் சொந்தமில்லை. இங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் திருக்கோவிலூர். மழை ராத்திரியில் ஓர் இடைகழியில் பொய்கை, பூதம், பேய் என்று மூன்று ஆழ்வார்கள் நெருக்கிக்கொண்டு நிற்க, நான்காவதாக ஒருவர் வந்து நெருக்க, அது பெருமாள்தான் என்று தெரிந்து மூவரும் ஆளுக்கு நூறு பாட்டு பாடியது அங்கேதான் என்பார்கள். இன்றைய பாஷையில் சொன்னால் ஜாம் செஷன்!

‘கேஸ்’ எப்படி குலா ஷேக்கர் ஆனது?

இப்போது லண்டனுக்குப் போகலாம். கிறிஸ்பியன் மில்ஸ் பாட்டும் கிட்டாரும், அலோன்சா பெவன் பாஸ் கிட்டார், பால் வின்டர்-ஹார்ட் டிரம்ஸ், ஜே டார்லிங்டன் கீபோர்டு. நான்கு பேரும் ‘தி கேஸ்’ என்ற பெயரில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அந்தச் சமயத்தில் கிறிஸ்பியனுக்கு இந்தியா மீதும் கிருஷ்ண பக்தி மீதும் ஈடுபாடு. இந்தியாவுக்கு வந்து சுற்றிவிட்டும் போயிருந்தார். அவர்களுக்குப் பழக்கமான ஹரே கிருஷ்ணா பக்தர் ஒருவர் வைத்திருந்த பெயர் குலசேகர. ராசியான பெயராகப் பட்டதால், 1995-ல் அதையே பேண்டுக்கும் வைத்துக்கொண்டார்கள். சில மாதங்களிலேயே கொலம்பியா ரெக்கார்ட்ஸ் ஒப்பந்தம் கையில். பெயர் ராசி பார்க்கும் ஜோசியர்கள் இதைக் கட்டாயம் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கிறிஸ்பியன் வீட்டுக் கதையில் நமக்கு ஒரு பங்கு உண்டு. அவருடைய தாத்தா நடிகர் ஜான் மில்ஸ், அட்டன்பரோவின் ‘காந்தி’ படத்தில் வைஸ்ராயாக வந்தவர். அம்மா ஹெய்லி மில்ஸ், 1961-ல் டிஸ்னி எடுத்த ‘தி பேரன்ட் ட்ராப்’ படத்தில் இரட்டைச் சகோதரிகளாக நடித்த சிறுமி. பிரிந்துபோன அப்பா அம்மாவை இரட்டைக் குழந்தைகள் சேர்த்து வைக்கிற கதை… எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதா? 1965-ல் ஏவிஎம் எடுத்த ‘குழந்தையும் தெய்வமும்’தான். குட்டி பத்மினி இரட்டை வேடத்தில் அசத்திய அந்தப் படம், இந்த ஆங்கிலப் படத்தைத் தழுவியது.

ஆக, அம்மா நடித்த கதையை நாம் எடுத்துக்கொண்டோம். மகன் நம் ஆழ்வார் பெயரை எடுத்துக்கொண்டார். கணக்கு நேராகிவிட்டது!

கீழே பார்த்தவர்களும் மேலே பார்த்தவர்களும்

ஆல்பத்துக்குள் போவதற்கு முன்னால் இரண்டு சொற்கள். ‘சைக்கடெலிக் ராக்’ 1960-களில் கிளம்பியது. நேர்க்கோட்டில் போகும் பாட்டைக் கனவு மாதிரி நீட்டி, வளைத்து, சுழற்றி விடுவது அதன் வேலை. பீட்டில்ஸ் 1965-லேயே ஒரு பாட்டில் சிதார் சேர்த்தார்கள். அடுத்த வருடம் ஜார்ஜ் ஹாரிசன் பண்டிட் ரவிசங்கரிடம் சிதார் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். 1968-ல் நால்வருமே ரிஷிகேஷ் வந்தார்கள். தம்புராவின் ரீங்காரம் ராக் இசைக்குள் நுழைந்த பாதை இது.

இன்னொன்று ‘ஷூகேஸ்’. 1980-களின் கடைசியில் பிரிட்டனில் கிளம்பிய இசை. கிட்டார் சத்தத்தை அடுக்கடுக்காகப் போட்டு ஒரு பனிமூட்டம் மாதிரி ஆக்கி, அதற்குள் பாடகரின் குரலைப் புதைத்துவிடுவார்கள். அதற்கான எஃபெக்ட்ஸ் பெடல்கள் காலடியில் கிடக்கும் என்பதால், வாசிக்கிறவர்கள் குனிந்தபடியே நிற்பார்கள். ‘ஷூவையே முறைத்துப் பார்க்கிறவர்கள்’ என்று பத்திரிகைகள் கிண்டலாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. மை ப்ளடி வாலன்டைன், ஸ்லோடைவ், ரைட் ஆகியவை அதன் முக்கியப் பெயர்கள். பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் செருப்பில்லாமல் சுற்றும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு, குனிந்து பார்த்து நடப்பதன் அருமை நன்றாகவே தெரியும்.

1990-களின் நடுவில் ஒயாசிஸ், பிளர் வகையறா பிரிட்பாப் அலை அடித்ததும், பத்திரிகைகள் ஷூகேஸ் பேண்டுகளைக் கைகழுவின. 1995-ல் ஸ்லோடைவை அவர்களுடைய ரெக்கார்டு கம்பெனியே கழற்றிவிட்டது. கனவு மாதிரி இசைப்பவர்களுக்கு இனி மவுசு இல்லை என்று எல்லோரும் முடிவு செய்திருந்த நேரம். அப்போதுதான் தம்புரா, தபேலா, சம்ஸ்கிருதம் சகிதமாக ‘கே’ வந்து முதலிடத்தைப் பிடித்தது. 6 லட்சம் பிரதிகளுக்கான டபுள் பிளாட்டினம் அங்கீகாரமும் பிரிட்டனில் அதற்குக் கிடைத்தது.

உள்ளே என்ன இருக்கிறது?

அட்டைப்படத்தை வரைந்தவர் ‘வாட்ச்மென்’ காமிக்ஸ் ஓவியர் டேவ் கிப்பன்ஸ். ஆங்கிலத்தில் ‘கே’ என்ற எழுத்து வரும் பெயர்களாகப் பிடித்து ஒரே கூட்டமாக நிற்க வைத்திருக்கிறார். கென்னடி, கிங் காங், கார்ல் மார்க்ஸ் என்று போகிறது லிஸ்ட். வீட்டில் குழந்தைகள் இருந்தால், ‘யார் யாரைக் கண்டுபிடிக்கிறீர்கள்’ என்று ஒரு போட்டியே வைக்கலாம்.

தயாரிப்பாளர்களில் முக்கியமானவர் ஜான் லெக்கி. ஹாரிசனின் ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ ஆல்பம் உருவானபோது அபே ரோடு ஸ்டூடியோவில் கடைநிலை டேப் ஆபரேட்டராக இருந்தவர். அதனால் ‘கே’ ஆல்பத்தில் 60-களின் வாசனை அடிப்பதில் ஆச்சர்யமில்லை.

முதல் பாட்டு ‘ஹே டூட்’ வேகமான கிட்டார் ராக். இந்தியா பக்கமே வராது. இதைக் கேட்டுவிட்டு, ‘இதிலென்ன ஆழ்வார் இருக்கிறார்’ என்று மூடிவிடாதீர்கள். ‘தத்துவா’ பாட்டுக்கு வாருங்கள். பிரிட்டனில் 4-ம் இடம் வரை போன ஹிட். அதன் அடிநாதம் வங்காள வைணவத்தின் ‘அசிந்திய பேதாபேதம்’ என்ற கொள்கை. இறைவனும் உயிரும் ஒன்றுதான், வேறும்தான். அது எப்படி என்பது சிந்தனைக்கு எட்டாது என்று சுருக்கமாகச் சொல்லலாம். விசிஷ்டாத்வைதம் பற்றி வீட்டுப் பெரியவர் பேச ஆரம்பித்ததும் மொபைலை நோண்டுகிற நாம், இதே மாதிரியான விஷயத்தை டிரம்ஸோடு போட்டால் தலையாட்டிக்கொண்டு கேட்கிறோம்!

‘ஸ்லீப்பிங் ஜீவா’ என்றொரு குட்டி டிராக். தூங்குவது நம்ம ஏரியா ஜீவா அண்ணன் இல்லை, ஜீவாத்மா.

எல்லாவற்றுக்கும் சிகரம் ‘கோவிந்தா’. முழுக்க சம்ஸ்கிருதத்தில் பாடப்பட்டு, 1996 நவம்பரில் பிரிட்டன் பட்டியலில் 7-ம் இடத்தைத் தொட்ட பாட்டு. முதலில் ஒரு ரீங்காரம், பிறகு நாமங்கள், அப்புறம் சுவரை இடித்துக்கொண்டு வருகிற மாதிரி கிட்டார். வரிகள் கொஞ்சம்தான். அதையே திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். பஜனையின் இலக்கணமும் இதுதானே?

இதற்கு முன்னால் ஒரு ‘கோவிந்தா’ வந்திருக்கிறது. லண்டன் ராதாகிருஷ்ணா கோயில் பக்தர்களைப் பாட வைத்து 1970-ல் ஹாரிசன் தயாரித்த பாட்டு. இஸ்கான் கோயில்களில் காலையில் ஒலிப்பது அந்தப் பதிவுதான். குலா ஷேக்கர் பாடியது வேறு பஜனைப் பாட்டு. ஆனால், கதவைத் திறந்து வைத்தவர் ஹாரிசன்.

எங்கள் வீட்டில் ஸ்பீக்கரில் இதைப் போட்டேன். எங்கள் பக்கம் புரட்டாசி சனிக்கிழமை என்றால், நாமம் போட்டு, சொம்பு ஏந்தி, ‘கோவிந்தா… கோவிந்தா’ என்று பிள்ளைகள் வீடு வீடாக அரிசி வாங்கப் போவார்கள். அந்த ‘கோவிந்தா’ கேட்டு வளர்ந்த என் பாட்டி, சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். “யாருடி இது? நாக்கு புரள மாட்டேங்குது. ஆனா, மனசு விட்டுத்தான் பாடுறான்” என்றார். எந்த ஆங்கிலப் பத்திரிகையும் இவ்வளவு சுருக்கமாக விமர்சனம் எழுதவில்லை.

சறுக்கிய இடம்

ஆங்கிலப் பத்திரிகைகள் பாட்டி அளவுக்குப் பெரிய மனசோடு இல்லை. வசதியான வீட்டுப் பையன், இந்தியாவை அலங்காரப் பொருளாக மாட்டிக்கொண்டிருக்கிறான் என்ற கிண்டல் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. 1997-ல் அந்தக் கிண்டல் கோபமானது. ஒரு பேட்டியில், மேடையில் பெரிய பெரிய ஸ்வஸ்திக் சின்னங்களை வைத்தால் நன்றாக இருக்கும் என்ற ரீதியில் பேசிவைத்தார் கிறிஸ்பியன். பற்றிக்கொண்டது.

நமக்கு ஸ்வஸ்திக் என்றால் மங்கலம். ஐரோப்பாவில் அது ஹிட்லரின் கொடி. சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்ற ஆட்சியின் அடையாளம். இந்தியப் பண்பாட்டின் மேல் இருந்த ஈர்ப்பில்தான் அப்படிப் பேசியதாக விளக்கம் சொன்னார், மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் கறை போகவில்லை. 1999 மார்ச்சில் இரண்டாவது ஆல்பம் வந்தது. அதே வருடம் செப்டம்பரில் பேண்டே கலைந்துவிட்டது. காசு கையை விட்டுப் போனால் ‘கோவிந்தா!’ என்போமே, அந்த கோவிந்தா.

அவர் இந்தியச் சின்னத்தைத் தப்பாகப் படித்தார் என்று சொல்ல மாட்டேன். எங்கிருந்து எடுத்தோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கே கொண்டுபோய் வைக்கிறோம் என்பதை யோசிக்கவில்லை. தாத்தாவையும் பாட்டியையும் அந்தச் சின்னத்தின் கீழ் பறிகொடுத்த ஒருவர், கச்சேரிக் கூட்டத்தில் நின்றிருக்கக்கூடும் என்பது நினைவுக்கு வரவில்லை.

‘வெள்ளைக்காரர்களுக்கு எதுவும் புரியாது’ என்று இங்கிருந்து சிரிக்கவும் முடியாது. 2006-ல் நவி மும்பையில் ஒரு ரெஸ்டாரன்ட், 2012-ல் அகமதாபாத்தில் ஒரு துணிக்கடை, இரண்டுமே ஹிட்லர் பெயரோடு திறக்கப்பட்டு, எதிர்ப்பு கிளம்பியபின் பெயரை மாற்றின. இன்னொருவரின் காயம் நமக்கு வெறும் கவர்ச்சியான பெயராகத் தெரிவது, இரண்டு பக்கமும் நடக்கிறது.

நம்பினாரா, நடித்தாரா?

டீக்கடைக் கேள்விக்கு வருவோம். ஒருவர் மனசுக்குள் புகுந்து பக்தியை அளக்க நமக்கு மீட்டர் கிடையாது. ஆனால், காலம் ஒரு மீட்டர். லாபம் நின்ற பிறகும் அதே இடத்தில் நிற்கிறாரா என்று பார்க்கலாம்.

கலைந்த பேண்ட் சில வருடங்களில் மறுபடி சேர்ந்தது. 2007-லும் 2010-லும் ஆல்பங்கள் வந்தன. பழைய உயரத்தின் பக்கத்தில்கூடப் போகவில்லை. ராக் உலகில் சிதார் ஃபேஷன் எப்போதோ முடிந்திருந்தது. குலசேகரரைக் கழற்றி வைத்துவிட்டு வேறு பெயரில் வந்திருந்தால் பழைய சர்ச்சையும் போயிருக்கும். அவர்கள் பெயரை மாற்றவில்லை. முதல் ஆல்பத்தின் 20-வது ஆண்டான 2016-ல் ‘கே 2.0’ வந்தது. 2024-ல் வந்த ‘நேச்சுரல் மேஜிக்’ ஆல்பத்தில் ‘இந்தியன் ரெக்கார்டு பிளேயர்’ என்றொரு பாட்டு. பழைய இந்திப் படப் பாட்டான ‘சுரா லியா’வையும் தங்கள் பாணியில் பாடியிருக்கிறார்கள். 20 ப்ளஸில் பிடித்ததை 50 ப்ளஸிலும் விடவில்லை.

எங்கள் ஊரிலும் இதே கணக்குதான். தீபத்துக்கு வந்து, மலையோடு ஒரு செல்ஃபி எடுத்து, அடுத்த பஸ் பிடிக்கிறவர்கள் உண்டு. சீசன் முடிந்து, மே மாத வெயிலில் மற்றவர்கள் ஓடிப்போன பிறகும் ஆசிரம வாசலில் அமைதியாக உட்கார்ந்திருக்கிற முகங்களும் உண்டு. யார் எந்த ரகம் என்று நவம்பரில் தெரியாது. மே மாதம் தெரியும்.

இதில் உள்ளூர்க்காரர்களுக்கும் ஒரு பரீட்சை இருக்கிறது. ‘எங்கள் ஆழ்வார் பெயரை எடுத்துக்கொண்டார்கள்’ என்று உரிமை பேசும் நம்மில் எத்தனை பேர் அந்த 105 பாசுரங்களில் ஒன்றையாவது முழுசாகப் படித்திருக்கிறோம்? இந்த ஆல்பம் எனக்குச் செய்த பெரிய உபகாரம், பெருமாள் திருமொழியைத் தேடி எடுத்துப் படிக்க வைத்ததுதான். லண்டன் வழியாகச் சுற்றி வந்தாலும், படி ஏறினால் சரி.

எப்படிக் கேட்கலாம்?

ஸ்ட்ரீமிங் ஆப்களில் ‘கே’ கிடைக்கிறது. ராக் பழக்கமில்லாதவர்கள் ‘கோவிந்தா’வில் தொடங்குங்கள். அடுத்து ‘தத்துவா’. பிறகு ‘டெம்பிள் ஆஃப் எவர்லாஸ்டிங் லைட்’. காது பழகிய பிறகு முதல் பாட்டுக்குத் திரும்பிப் போய் வரிசையாகக் கேளுங்கள். கிட்டார் சத்தம் அதிகம் என்பதால், வீட்டில் மதியத் தூக்கம் போடுகிறவர்கள் இருந்தால் ஹெட்போன் உத்தமம்.

‘கோவிந்தா’வை மட்டும் ஸ்பீக்கரில் போடுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். சுவாரஸ்யமான பதில்களோடு அடுத்த வாரம் சந்திப்போம்.